அடுப்பங்கரைக்கு வந்த வடக்குச் சுவர்

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. என் வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கடவாய்ப்பல்லின் மேலும், அதற்கடுத்தபடியாக என் மனைவியின் கல்லறை மேலும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்துபோய் ஆட்டைப் பிடித்துக் கட்டலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

சாவ்ரோல் ஊர்ப் பங்குக் கோயிலின் வடக்குச் சுவர் இன்றைக்கு அந்த ஊர்ச் சமையலறைகளில் இருக்கிறது. கல் அல்ல, கல் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதன்மேல் சித்திரமாக எழுதியிருந்த ஆட்கள்தான் இடம் மாறிப் போனார்கள். வீட்டுக்கு ஒருவராக, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வந்து நின்றுகொண்டார்கள். இது நடந்தது ஆட்டுப்பால் விலை விழுந்த ஆண்டில், ஜூன் மாதம், மேயர் ஒக்தாவ் பெரிஷோவின் மகள் கல்யாணத்தன்று, இனிப்பு பரிமாறுவதற்குச் சற்று முன்னால்.

கோயில் பழசு. பிரபு தன் கோட்டைக்கென்று வெட்டிவைத்த கல்லைத் துறவிகள் வாங்கிக் கட்டியது. அதனால் அந்தப் பிரபு சாகும்வரை கோட்டையில்லாமல் தன் சமையல்காரியின் வீட்டிலேயே காலம் தள்ளினார், அது அவருக்குப் பிடித்தும் போயிற்று. இங்கிலாந்துப் படை வந்து கூரையை எரித்தது, மறுபடி போட்டார்கள். கொள்ளைநோய் வந்தபோது உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். நோய் போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு பூச்சு பூசிவிட்டுச் செத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் கோயில் மணியை இறக்கிக்கொண்டுபோய்ப் பீரங்கியாக வார்த்தார்கள். அந்தப் பீரங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டு போட மறுத்து, நெருப்பு வைத்தால் டாங் டாங் என்று மட்டும் ஒலித்ததால், படைக்காரர்கள் அதை வெறுத்துப்போய் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபுரத்தில் இப்போதும் அதுதான் தொங்குகிறது. அதன் வாய்க்கு நேராக யாரும் நிற்பதில்லை.

பிறகு அரசாங்கமும் கோயிலும் பாகம் பிரித்துக்கொண்டன. பூசை சாமியாருக்கு, கட்டடம் ஊராட்சிக்கு என்று தீர்ப்பாயிற்று. ஆக, கோயிலுக்குள் காலே வைக்காத ஆண்கள் ஒரே நாளில் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். சாவ்ரோலில் ஞாயிறு பூசைக்குப் பெண்கள் போவார்கள். ஆண்கள் எதிரிலிருக்கும் ஒயின் கடையில் உட்கார்ந்து பூசை முடியும்வரை காத்திருப்பார்கள். அந்த ஊர் ஆண் வாழ்நாளில் மூன்று முறைதான் கோயிலுக்குள் போவான். அதிலும் இரண்டு முறை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒக்தாவ் பெரிஷோவும் இதற்கு விலக்கில்லை. வெள்ளாடு வளர்ப்பவர், கடவுள் இல்லை என்று சொல்லுகிறவர், கோயில் சாவியை ஆட்டு மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் ஆணியில் மாட்டிவைத்திருந்தவர். கூரை ஓடு பறந்தால் ஏறி மாற்றுவது அவர்தான். உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதைப் பற்றி அவருக்குக் கேள்வியில்லை.

அவருக்கு ஒரே குறை, எதற்கும் சட்டென்று வெட்கப்பட்டுவிடுவார். வெட்கம் அவருக்குக் காதில் ஏறும். பெரிஷோ வம்சத்துக் காது அகலமானது, விளிம்பு மடங்கியது. அது சிவந்தால் இருட்டுக் கொட்டகையில் விளக்கில்லாமல் பால் கறக்கலாம். இரண்டு குளிர்காலம் அப்படிக் கறந்ததாக அவர் மனைவி லேயோந்தீன் சொல்லியிருக்கிறாள்.

மகள் மிரேய்க்கு நகரத்தில் பத்திரம் பதியும் நோட்டரியின் மகன் மாப்பிள்ளையாக அமைந்தான். நிச்சயம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா மதாம் ஓபியே, தங்கள் ஊர்க் கோயிலைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்த நாளில் எல்லா ஊரிலும் உள்சுவர்ப் பூச்சைக் கொத்தியெறிந்து, கல்லைத் தெரியவைத்து, இடுக்குகளில் சிமெண்ட் பூசுவதுதான் நாகரிகம். பழைய காலம் இப்படித்தான் இருந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். ஓபியே குடும்பத்துக் கோயில் அப்படிப் பளிச்சென்று கல்லாக நின்றது.

"உங்க கோயிலை நாங்க போன வருஷம் கார்ல போறப்ப எட்டிப் பார்த்தோம், சம்பந்தி," என்றாள் மதாம் ஓபியே. "உள்ள முழுக்க வெள்ளையடிச்சு வெச்சிருக்கீங்க இல்ல? சுத்தமாத்தான் இருக்கு. எங்க பக்கம் பால் பண்ணையெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒக்தாவின் காது எரிந்தது. லேயோந்தீன் ஜன்னலை இறக்கிவிட்டாள். மறுநாளே ஒயின் கடையில் ஊராட்சிக் கூட்டம் கூடி, கல்யாணத்துக்குள் கோயிலைக் கல்லாக்குவது என்று முடிவாயிற்று. ஒருவரும் எதிர்க்கவில்லை, ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஊரில் ஒரு சம்பந்தி இருந்தார்.

கொத்தனார் கலிக்ஸ்த் முன்னால் நின்றான். ஊர் ஆண்கள் சுத்தியலும் உளியுமாகக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். தங்கள் காலாலேயே அத்தனை பேர் நுழைந்தது அதுவே முதல் தடவை என்பதால் பீடத்து மெழுகுவத்திகள் தாமாகவே எழுந்து எரிந்தன. வீண் செலவு என்று யாரோ ஊதி அணைத்தார்கள். தெற்குச் சுவர் சிரமமில்லாமல் கல்லாயிற்று. வடக்குச் சுவரில் கை வைத்த அன்று பிற்பகல், ஏணிமேலிருந்து கலிக்ஸ்த் கூப்பிட்டான்.

"மேயரே, இங்க ஒரு கண்ணு இருக்கு."

"என்னடா கண்ணு?"

"மனுஷக் கண்ணு. என்னையே பார்க்குது. என் மாமியார் பார்ப்பாளே, ஒன்பது மணிக்கு எந்திரிச்சா, அந்தப் பார்வை."

ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்கக் கண் முகமாயிற்று, முகம் வரிசையாயிற்று. இறுதித் தீர்ப்பு நாளின் சித்திரம் அது. கல்லறையிலிருந்து எழுந்து வந்த சனங்கள், நீதிக்காகக் காத்து, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். காவிச் சிவப்பும் மஞ்சளும் நேற்றுப் பூசியதுபோல் இருந்தன. ஒருவர் உடம்பிலும் துணியில்லை. எல்லோரும் ஒரு கையால் முகத்தைப் பாதி மறைத்திருந்தார்கள். மறைத்தது போக மிச்சம் தெரிந்த பாதிதான் சிக்கல். எழுதியவன் உள்ளூர் ஆட்களைப் பார்த்து எழுதியிருக்கிறான். ஒருத்திக்கு ரொட்டிக்கடைக்காரியின் மூக்கு. ஒருவனுக்குக் கலிக்ஸ்தின் பிளந்த மோவாய். வரிசையின் நடுவில், விளிம்பு மடங்கிய அகலக் காதுடன், அம்மணமாக, பெரிஷோ வம்சத்துப் பெரியவர் ஒருவர் கிழக்கே பார்த்து நின்றார்.

முதலில் சிரித்தார்கள். அடுத்தவன் தாத்தாவைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். தன் தாத்தாவிடம் வந்தபோது ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஒக்தாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. சொன்னால், பழம் கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்தார் வந்து கோயிலைப் பூட்டிவிடுவார்கள். மகள் கல்யாணம் வேறு ஊரில் போய் நடக்கும். சொல்லாவிட்டால், மதாம் ஓபியே முன்வரிசையில் உட்கார்ந்து, சம்பந்தியின் காதையும் சுவரிலிருக்கும் காதையும் மாறிமாறிப் பார்த்து, அதற்குக் கீழேயும் பார்ப்பாள்.

"மறுபடியும் ஒரு சுண்ணாம்பு அடிச்சு மூடிடலாமே," என்றாள் லேயோந்தீன். "இத்தனை நாள் தூங்கினவங்க, இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்."

"ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் பால் பண்ணையா?" என்றார் ஒக்தாவ்.

அந்த நேரத்தில் சாமியார் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். ஏழு ஊர்ப் பங்குகளுக்கு அவர் ஒருவரே. எப்போதும் அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டவர். சுவரை ஒரு முறை பார்த்தார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் என்னப்பா சொல்றது? கண்ணாடி எடுத்துட்டு வரலையே."

"மூக்குல இருக்கு சாமி."

"இது படிக்கிறதுக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

கொத்தி எடுத்துவிடுவதென்றே ஆயிற்று, ஆனால் முதல் அடியை அடிக்க யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் ஒக்தாவுக்கு அந்த யோசனை வந்தது. சாவ்ரோலில் ஊர்ப் பொதுக்காட்டின் மரத்தை ஆண்டுதோறும் பங்கு போடுவது ஒரு முறை. வீட்டை வீடு என்று எண்ணமாட்டார்கள், அடுப்பு என்று எண்ணுவார்கள். புகை எழும் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் காட்டில் ஒரு பங்கு, தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்து. கிடைத்ததை வெட்டியே ஆகவேண்டும். பங்கு சரியில்லை என்று முனகக்கூடாது, அடுத்தவன் பங்கைப் பற்றிப் பேசவும் கூடாது. "சுவரையும் அப்படியே போட்டுடுவோம்," என்றார் ஒக்தாவ். "அடுப்புக்கு ஒரு ஆள். எல்லாரும் செஞ்சா யாரும் செய்யலை. நாளைக்கு எவனும் எவனையும் கேக்க முடியாது." அவர் தொப்பியே சுற்றி வந்தது. விறகுக்குக் கை நீட்டிய பழக்கத்தில் எல்லோரும் கை நீட்டினார்கள்.

காதுக்காரப் பெரியவர் தபால்காரன் பங்குக்குப் போனார். ஒக்தாவுக்குக் குட்டையான, இடுப்பு அகன்ற ஒருத்தி வந்தாள். ஒரு கை இடது கண்ணை மறைத்திருந்தது, மறு கை வேறிடத்தை. ஒக்தாவ் காலிலிருந்து ஆரம்பித்தார். முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி, முகத்துக்கு வந்து சுத்தியலை ஓங்கியபோது, மறைக்காமல் விட்டிருந்த வலது கண்ணை அவள் மூடிக்கொண்டாள். தன் வேலையைச் சுலபமாக்கத்தான் என்று எடுத்துக்கொண்டு அவர் அடித்தார். சாயங்காலத்துக்குள் சுவர் சுத்தமாயிற்று. செந்தூளைக் கூட்டியள்ளி, ஆட்டுத்தீவனச் சாக்குகளில் கட்டி, சந்தைக்குப் போகும் சாலைப் பள்ளங்களில் கொட்டினார்கள். கலிக்ஸ்த் கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசினான். அன்று ஒயின் கடையில் யாரும் அதிகம் குடிக்கவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஊராட்சி அலுவலகத்தில் ஒக்தாவ் மேயருக்குரிய மூவண்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு தன் மகளைத் தானே சட்டப்படி கட்டிவைத்தார். பிறகு கோயிலில் சாமியார் தன் பங்குக்குக் கட்டிவைத்தார். மதாம் ஓபியே தலையை நிமிர்த்திச் சுவர்களைப் பார்த்து, "இப்பத்தான் கோயில் மாதிரி இருக்கு, சம்பந்தி," என்றாள். ஒக்தாவின் வாழ்க்கையில் காது குளிர்ந்த நாள் அது ஒன்றுதான், அதுவும் விருந்துவரை. தோட்டத்தில் நீள மேசைகள் போட்டு, வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுப் பாலாடைக்கட்டி சேர்த்து மேல்புறம் கரியாகும்படி சுட்ட கேக்கை எடுக்க லேயோந்தீன் சமையலறைக்குள் போனாள். போனவள் வெளியே வராமல் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒக்தாவ். இங்க வா. தனியா வா."

அடுப்புக்கு வலப்பக்கம், உப்புப் பெட்டி மாட்டியிருந்த இடத்தில், அவள் நின்றாள். குட்டை, அகன்ற இடுப்பு, கண்ணில் ஒரு கை.

"யாரு இவ?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாமயா உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கிறா?"

"என் பங்குக்கு வந்தவ," என்றார் ஒக்தாவ் தரையைப் பார்த்து. "வடக்குச் சுவர்."

லேயோந்தீன் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை, சூடில்லை, அழித்தால் அழியவில்லை. "ஐயோ பாவம், உடம்புல பொட்டுத் துணியில்லையே," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியே மிரேயின் பட்டுப்பாவாடைச் சரசரப்பும், அவளுக்குப் பின்னால் மதாம் ஓபியேயின் குரலும் கேட்டன. ஒக்தாவ் கல்யாணக் கோட்டைக் கழற்றாமலே, மூன்று தலைமுறையாக நகர்த்தாத வாதுமைமர அலமாரியைத் தோளால் முட்டித் தள்ளினார்.

"அம்மா, உள்ள வரட்டுமா?"

"வராதடி! தரையெல்லாம் வழுக்குது!"

அன்றைக்கு மூடிய சமையலறைக் கதவு மகளுக்கு அப்புறம் திறக்கவில்லை. தாயும் மகளும் அதுவரை பேசியதெல்லாம் அந்த மேசையில் பட்டாணி உரித்தபடிதான். இனி மிரேய் வரும் ஞாயிறுகளில் முன்னறையில், சாவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் மட்டும் திறக்கும் அறையில், பூப்போட்ட கோப்பையில் காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். நோட்டரி வீட்டு மருமகளானதால் தன்னை விருந்தாளியாக்கிவிட்டார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். முதலில் வாராவாரம் வந்தவள் மாதத்துக்கு ஒரு முறை வந்தாள். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தாள். வரும்போது கேக் வாங்கி வந்தாள், கடையில்.

இதே கதை ஊரில் ஒவ்வோர் அடுப்பிலும் நடந்தது, ஆனால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி மாவு மூட்டைகளை அடுக்கி மறைத்தாள். கலிக்ஸ்த் தன் அடுப்பையே செங்கல் வைத்து அடைத்துவிட்டு வராந்தாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தான். தபால்காரன், பெரிஷோ வம்சத்துப் பெரியவர் முழு அம்மணத்தில் தன் பெண்டாட்டியையே பார்க்கிறார் என்று அவர்மேல் நாட்காட்டி மாட்டினான். ஆண்டுதோறும் பெரிய நாட்காட்டியாகக் கேட்டு வாங்கினான். ஊர் முழுக்க அலமாரிகள் அடுப்பை மறைத்து நின்றன. புகை போக வழியில்லாமல் வீடுகள் கறுத்தன, சனங்கள் குளிரில் இருமினார்கள். யாரும் யாரையும் சமையலறைக்குக் கூப்பிடவில்லை. "இங்கயே தோட்டத்துல நிப்போமே, காத்து நல்லா இருக்கு," என்பார்கள், பனி கொட்டும்போது. மரியாதை கூடிற்று. சாவ்ரோல் மக்களைப் போல நாகரிகமானவர்கள் வேறெங்கும் இல்லை என்று வெளியூரார் சொல்ல ஆரம்பித்தார்கள்.

லேயோந்தீன் மட்டும் தன் வீட்டுச் சுவரில் நின்றவளோடு பழகிக்கொண்டாள். அலமாரிக்குப் பின்னால் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, முதல் குளிர்காலத்தில் அங்கே ஓர் ஆணி அடித்து, தன் கம்பளிச் சால்வையை மாட்டினாள். மறுநாள் பார்த்தால் அது சுவரிலிருந்தவளின் தோளில் கிடந்தது. அப்புறம் காய் நறுக்கும்போது மகள் வராததையெல்லாம் அவளிடம் சொன்னாள். ஒக்தாவ் வீட்டுக்குள் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு ஆடுகளோடு போய் உட்கார்ந்துவிடுவார். தேர்தல் வரும்போதெல்லாம் அவரே மேயரானார். கோயில் சாவியை வேறு யாரும் கையில் வாங்கத் தயாராயில்லை.

கோயில் வேர்க்க ஆரம்பித்தது. முதலில் நெற்றியில் அரும்புவதுபோல் வடக்குச் சுவரின் மேல்வரிசையில், பிறகு தாரை தாரையாக. கோடையில்தான் அதிகம் வேர்த்தது. கல்யாணம் ஏதாவது நடந்தால் இன்னும் அதிகம். சிமெண்ட் வைத்தால் பழைய சுவர் மூச்சுவிட முடியாது, நீர் உள்ளேயே நின்று கல்லைத் தின்னும் என்று பின்னால் வந்த நிபுணர்கள் விளக்கினார்கள். ஊராருக்கு வேறு விளக்கம் இருந்தது, சொல்லவில்லை. கல் ரஸ்க் ரொட்டிபோல் உதிர்ந்தது. பாசி ஏறியது. சுவர் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கிற்று, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காததுபோல. கண்ணாடியை மறந்த சாமியார் செத்தார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மழை உள்ளே பெய்தது, வெளியே நின்ற பிறகும் அரைமணி நேரம் பெய்தது. கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கதவில் குறுக்குச் சட்டம் அடித்துவிட்டு, இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் போடலாம் என்றான். சாவ்ரோலில் இருக்கும் வண்டிகள் மொத்தமும் சதுக்கத்தின் ஒரு மூலையை நிரப்பக்கூடப் போதாது.

இடிக்கும் முன் சம்பிரதாயத்துக்காகப் பழம் கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்திலிருந்து மதாம் பெனெக் என்ற இளம்பெண் வந்தாள். ரப்பர் பூட்ஸும், தலையில் மஞ்சள் தொப்பியும், கையில் டார்ச்சும். ஊர் முழுக்கக் கோயிலுக்குள் கூடியது. கோயில் போகிறது என்று கேள்விப்பட்டு மிரேயும் நகரத்திலிருந்து வந்திருந்தாள். தலையில் நரை தெரிந்தது. வயதான அப்பாவின் கைக்குள் கைவிட்டுக்கொண்டு நின்றாள். மதாம் பெனெக் தெற்குச் சுவரைப் பார்த்தாள், வடக்குச் சுவரைத் தட்டினாள், சிமெண்டை நகத்தால் கீறினாள்.

"யாரு இதைச் செஞ்சது?" என்றாள். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "சரி, அது எனக்கு வேண்டாம். இதே காலத்துக் கோயில் இந்தப் பக்கம் நிறைய இருக்கு. வெறும் கல்லைக் காட்டி நான் மேலிடத்துல என்ன சொல்லிக் காப்பாத்தறது? இந்தச் சுவர்ல எப்பவாவது ஏதாவது எழுதியிருந்துச்சா? சித்திரம், கோடு, ஏதாவது? இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் இடிக்கறதை நிறுத்தி வைப்பேன்."

சுவரில் நீர் வடிந்தது. ரொட்டிக்கடைக்காரி தும்மல் வருவதுபோல் முகத்தை மூடிக்கொண்டாள். கலிக்ஸ்த் கூரையைப் பார்த்தான். மிரேய்தான் பேசினாள். "ஒண்ணும் இருந்திருக்காதும்மா. இருந்திருந்தா எங்கப்பா சொல்லியிருப்பாரு. கடவுளை நம்பாட்டியும் இந்தக் கோயிலுக்குக் கூரை ஏறினவரு அவரு. அவரு ஒளிக்கிற ஆளில்ல."

ஒக்தாவ் தன் கையை மகள் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். காது எரிந்தது, பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள், சூடு தாங்காமல்.

"இருந்துச்சு," என்றார்.

"என்ன இருந்துச்சு?"

"வீட்டுக்கு வாங்க."

அலமாரியை நகர்த்த அவருக்கு இப்போது வலுவில்லை. மிரேய்தான் மறுபக்கம் தோள் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சமையலறைக்குள் அவள் வந்தது அப்போதுதான் என்பது பாதி தள்ளிய பிறகே அவளுக்கு உறைத்தது. சுவரில் குட்டையான பெண்ணொருத்தி, தன் அம்மாவின் பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் கையோடு நின்றாள். மதாம் பெனெக் டார்ச்சை எடுத்தாள்.

"இதுக்காகவா என்னை உள்ள விடல?" என்றாள் மிரேய்.

"அப்ப அவ உடம்புல துணியில்லடி," என்றாள் லேயோந்தீன். "உன் மாமியார் வேற பின்னாலயே வந்தா. அப்புறம் ஒரு நாள் மறைச்சதை அடுத்த நாள் எப்படித் திறக்கிறதுன்னு தெரியல."

"நான் என்னென்னவோ நினைச்சேன்மா. உனக்கு என்னைப் பிடிக்காம போச்சுன்னு நினைச்சேன்." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "எதுக்குப்பா சுரண்டினீங்க?"

"உன் கல்யாணத்துக்கு."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"பின்ன?"

"பால் பண்ணைன்னு சொன்னாங்க," என்றார் ஒக்தாவ். சொன்னபோதுதான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவர் காதிலேயே விழுந்தது. வலது கை தானாக எழுந்து இடது கண்ணை மூடிக்கொண்டது. சுவரில் நின்றவள் தன் கையைக் கீழே இறக்கினாள். சாதாரண முகம்தான், கொஞ்சம் தூக்கக் கலக்கம். அவரை அவள் கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுப்பில் விறகு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மிரேய் கோபமாகத்தான் இருந்தாள், ஆனால் போகவில்லை. மேசையருகே தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காபி போடும்மா, பூப்போட்ட கோப்பை வேண்டாம்," என்றாள்.

வாசலில் கூடியிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் முதல் சத்தம் ரொட்டிக்கடையிலிருந்து வந்தது, மூட்டைகள் சரியும் சத்தம். பிறகு கலிக்ஸ்த் வீட்டில் செங்கல் இடியும் சத்தம். பிறகு ஊர் முழுக்க, தெருத் தெருவாக, கனத்த அலமாரிகள் கல்தரையில் இழுபடும் கரகரப்பு. அத்தனை பேர் வீட்டிலும் அது இருந்தது என்று அன்றுதான் அத்தனை பேருக்கும் தெரிந்தது. அதனால் வெட்கம் பங்குபட்டுக் குறையும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. அவரவருக்கு முழுதாகவே இருந்தது.

மதாம் பெனெக் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அளவெடுத்தாள், ஒவ்வொரு வீட்டிலும் ஈரம் எவ்வளவு என்று பார்த்தாள், புகை படாமல் வைக்கச் சொன்னாள். பிறகு வல்லுநர்கள் வந்தார்கள். வடக்குச் சுவரின் சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசியதும் அது வேர்ப்பதை நிறுத்தி, ஒரு பெருமூச்சுவிட்டு, சாய்விலிருந்து நிமிர்ந்தது. சமையலறைகளிலிருந்தவர்களைத் துணியும் பசையும் வைத்து உரித்தெடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் வரிசைப்படி ஒட்டினார்கள். காலையில் பார்த்தால் எல்லோரும் பழையபடி அடுப்பங்கரையில் நின்றார்கள். மறுபடி ஒட்டினார்கள், மறுபடி வந்துவிட்டார்கள், தபால்காரன் வீட்டுப் பெரியவர் மட்டும் வழியில் ஒயின் கடைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். கடைசியில் அலுவலகம் விட்டுக்கொடுத்தது. சாவ்ரோல் பங்குக் கோயில் காக்கப்பட வேண்டிய பழம் கட்டடமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் வடக்குச் சுவர் என்ற இடத்தில் ஊரின் சமையலறைகள் எல்லாம் சேர்க்கப்பட்டன. இப்போது அங்கே அடுப்பில் ஒரு செங்கல் மாற்றவேண்டுமானாலும் அனுமதி கேட்கவேண்டும். கோயில் திருநாளன்று வருகிற சாமியார் பீடத்தில் பூசையைத் தொடங்கி, வீடுவீடாகப் போய் முடிக்கிறார். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் அதற்கு இருக்கவேண்டியிருக்கிறது, தங்கள் சமையலறையை விட்டு எங்கே போவது?

கோடையில் பேருந்துகளில் வெளியூரார் வருகிறார்கள். கதவைத் தட்டி உள்ளே வந்து, சுவரிலிருக்கும் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வீட்டுக்காரரைப் பார்க்கிறார்கள். சுவரில் இருப்பவர்கள் இப்போது கையை இறக்கிவிட்டு நிற்கிறார்கள். கையால் முகத்தை மூடிக்கொள்வது வீட்டுக்காரர்கள்தான். இவ்வளவு அழகானதை யார் சுரண்டியது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது கேட்டுவிடுவார். ஒக்தாவ் பெரிஷோ கடைசிவரை அதற்கு ஒரே பதில்தான் சொன்னார், ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டாலும், வார்த்தை மாற்றாமல், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று: "நான்தாங்க." பழகிப்போகும் என்று மிரேய் சொல்லிப் பார்த்தாள். பழகவில்லை. அவர் இறந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மிரேய், கேட்கிறவர்களிடம் "எங்கப்பாதாங்க," என்கிறாள். பட்டாணி உரித்துக்கொண்டே, எழுந்து நின்று.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் இருப்பது ஆற்றின் இந்தக் கரை, சாவ்ரோல் அந்தக் கரை, அதற்குள் நான் உட்பட எங்கள் ஊர் ஆள் ஒருவரும் இன்றுவரை கால் வைத்ததில்லை.